சங்கத்து ஏடுகள் யார் கையில்?

நெசவாளர் சங்கம் ஒன்றிற்குச் சென்ற ஆண்டு நாம் ஆய்வுக்குப் போயிருந்தபோது, நூல் இருப்புக் கணக்கு மூன்று இடங்களிலிருந்து மூன்று விதமாக நம் முன் வைக்கப்பெற்றது. ஒன்று காரியதரிசியின் கைபேசியில் இருந்தது. மற்றொன்று எழுத்தரின் பென் டிரைவில். மூன்றாவது, வேலையை விட்டுச் சென்றுவிட்ட முன்னாள் மேலாளரின் சொந்த இணையக் கணக்கிலிருந்து, பன்முறை வேண்டிக் கேட்டபின் அவர் அனுப்பிவைத்தது. எவரும் பொய்க் கணக்கு எழுதவில்லை. ஆயினும் மூன்றில் எது பிந்தியது என்று அறுதியிட்டுக் கூற அங்கு ஆளில்லை. சங்கத்துப் பேரேட்டைத் தம் வீட்டுப் பரணில் வைத்துக்கொள்ள எந்தக் காரியதரிசிக்கும் அங்கத்தினர்கள் இசையமாட்டார்கள். கைபேசியில் வைத்துக்கொண்டால் மட்டும் ஏன் வாளாவிருக்கிறோம்?

அதே சங்கத்தில் மற்றொன்றும் கண்டோம். ஜக்கார்டு சேலைக்கான கட்டம் போட்ட டிசைன் படத்தை வாட்ஸப் வழியே புகைப்படமாக அனுப்பியிருந்தார்கள். புகைப்படமாக அனுப்பினால் அச்செயலி அதன் நுணுக்கத்தைக் குறைத்தே அனுப்புகிறது என்பது பலருக்குத் தெரியாது. கட்டங்களின் விளிம்பு மங்கிப் போயிற்று. அட்டை குத்துபவர் ஊகித்துக் குத்தினார். மயிலின் கழுத்து ஒடிந்தாற்போல் விழுந்த முந்தானையை நாமே பார்த்தோம். அதற்குரிய கூலியைக் குறைப்பதா, கூடாதா என்று நிர்வாகக் குழுவில் இரண்டு கூட்டங்கள் வழக்காடினார்கள். தறியில் அமர்ந்தவர் செய்த பிழை அதில் யாதொன்றும் இல்லை.

இதற்கு நாம் கண்ட வழி மிக எளிது. சங்க அலுவலகத்திலேயே பழைய மடிக்கணினி ஒன்றைப் பொதுப் பெட்டகமாக அமைத்துவிடலாம். 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு நிறுத்தப்பட்டதால், நல்ல நிலையிலுள்ள சிறு மடிக்கணினிகள் பல மூலையில் கிடக்கின்றன. ஒரு கிலோ எடையுள்ள, நான்கு ஜி.பி. நினைவகம் கொண்ட கருவியே இவ்வேலைக்குத் தாராளம். அதில் டெபியன் என்னும் இலவச இயங்குதளத்தைத் திரைச் சோடனைகள் ஏதுமின்றி நிறுவ வேண்டும். (மிகப் பழைய 32 பிட் கருவி வேண்டாம்; 2025-இல் வெளியான டெபியன் 13 அதில் நிறுவப்பெறாது.) அதன்மேல் சாம்பா என்னும் மென்பொருளை ஏற்றினால், அலுவலகக் கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் அம்மடிக்கணினியின் கோப்புறைகள் தத்தம் கோப்புறைகள் போலவே தோன்றும். சாம்பாவைத் தொடங்கியவர் ஆஸ்திரேலியரான ஆண்ட்ரூ டிரிட்ஜெல். இன்று பல நாட்டார் கூடி வளர்க்கும் பொதுச்சொத்து அது. நம் இயக்கத்தாருக்கு அந்த முறை புதிதன்று.

மேசைக் கணினியினும் மடிக்கணினி இதற்கு ஏற்றது என்பது நமது துணிபு. அதன் பாட்டரியே மின்தடையின்போது காவலாக நிற்கும். பதினைந்து வாட் அளவில் இரவு பகல் ஓடினாலும் மாதத்திற்குச் சுமார் பதினோரு யூனிட்டே ஆகும். மூடியை மூடினால் கருவி உறங்கிவிடும் வழக்கத்தை மட்டும் அமைப்பில் மாற்றிவிட வேண்டும். வைஃபை ரவுட்டருக்கும் ஒரு சிறு பாட்டரி வேண்டும். அது அணைந்துவிட்டால் பெட்டகம் விழித்திருந்தும் பயனில்லை. ஓர் ஊரில் திருட்டுக்கு அஞ்சி இரும்பு பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்! சூடேறிக் கருவி நின்றுபோனதுதான் மிச்சம். காற்றோட்டமான மேல்தட்டில் வைத்து, வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்துவிட்டால், கருவியைத் தூக்கிச் சென்றவனுக்கும் கணக்குக் கிட்டாது. ஆனால் ஒவ்வொரு முறை கருவியைத் தொடக்கும்போதும் ஒருவர் கடவுச்சொல் இட வேண்டியிருக்கும்; இந்தச் சிரமம் பொறுக்கத்தக்கதே.

யார் எதைத் தொடலாம் என்பதே இதில் சிந்திக்க வேண்டிய இடம். நூல் இருப்பை எழுத்தர் எழுதலாம், குழுவினர் படிக்கலாம், டிசைன்களை நெசவாளர் எவரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாகாது. விவசாயிகள் சங்கமாயின் எடைச் சீட்டும் மண் பரிசோதனை முடிவும் அவ்வவ்வாறே. ஆளுக்கொரு கடவுச்சொல் இல்லாமல் எல்லாருக்கும் ஒன்றே கொடுத்துவிட்டால், அது பூட்டில்லாத கதவு.

ஓர் எச்சரிக்கை. இப்பெட்டகத்தை வெளி இணையத்திற்குத் திறந்து விடலாகாது. 2017 மே மாதம் வானாக்ரை என்னும் நச்சுநிரல், விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியே நுழைந்து, இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளையும் முடக்கிற்று. வெளியூரிலிருந்து பார்க்க வேண்டுமாயின் வயர்கார்டு போன்ற மறைவழி அமைத்துக்கொள்க.

“இலவசமாகக் கிடைக்கும் இணையச் சேமிப்பிடம் போதாதா?” என்று வினவுவோர் உண்டு. போதும், அது சங்கத்தின் பெயரில் இருக்குமாயின். நாம் பார்த்த அளவில் அது பெரும்பாலும் தனிமனிதர் பெயரில்தான் இருக்கிறது. மேலும், சொந்தப் பெட்டகம் என்றால் பொறுப்பும் சொந்தமே. வட்டு ஒருநாள் பழுதாகும். ஆகவே சனிக்கிழமைதோறும் தனி வட்டில் ஒரு படி எடுத்து, வேறு கட்டடத்தில் வைத்தல் வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அப்படியிலிருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்த்தலும் வேண்டும். இதற்கு ஆள் இல்லாத சங்கம் இம்முயற்சியில் இறங்காதிருப்பதே நலம்.

நிர்வாகியின் கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து, தலைவர் பொறுப்பில் பணப்பெட்டிக்குள் வைக்கத் தீர்மானம் செய்துகொள்க. காரியதரிசி மாறும் நாளில் அந்த உறையைப் பிரித்துச் சொல்லை மாற்றி, சாவிக் கொத்து ஒப்படைக்கும் பட்டியலில் அதையும் ஓர் இனமாக எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும்.