பீரோ சாவி யாரிடம்?



நான் படித்த அரசுப் பள்ளியிலும் நூலகம் இருந்தது. அதாவது, தலைமையாசிரியர் அறையில் இரண்டு இரும்பு பீரோக்கள்! சாவி வரலாறு சாரிடம். அவர் லீவு போட்டால் நூலகமும் லீவு. வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. அதில் நாங்கள் கணக்குதான் போட்டோம்.

அப்போது சார் மீது கோபம். இப்போது இல்லை. புத்தகம் தொலைந்தால் இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும், தணிக்கையில் கைக்காசு போகும் என்று ஒருநாள் அவரே சொன்னார். பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, இலவசப் பொருட்களுக்கும் கணக்கெழுதுகிற மனிதர் வேறென்ன செய்வார்? பூட்டத்தான் செய்வார்.

சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப்புத்தகம் எல்லாம் உள்ள நூலகம் வேண்டும் என்கிறது. ஆசிரியர் எத்தனை பேர், ஓவியத்துக்கும் உடற்கல்விக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் என்றெல்லாம் சொல்கிறது. நூலகர் என்ற பேச்சே இல்லை! சமக்ர சிக்ஷா திட்டத்தில் வரும் நூலக மானியமும் புத்தகம் வாங்கத்தான்.

இத்தனைக்கும் சுதந்திர இந்தியாவில் முதன்முதலில் பொது நூலகச் சட்டம் (1948) போட்ட மாநிலம் நம்முடையது. அதற்குப் பாடுபட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் சீர்காழிக்காரர்; கணக்கு வாத்தியாராக இருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். (அவர் கணக்கை விட்டு நூலகத்துக்குப் போனார், நாங்கள் நூலக வேளையில் கணக்குப் போட்டோம்... என்ன பொருத்தம்!) 1931-இல் வெளியான அவருடைய ஐந்து விதிகளில் முதலாவதே, புத்தகம் பூட்டி வைக்க அல்ல, எடுத்துப் பயன்படுத்த என்பதுதான்.

2010-இல் அண்ணா நூற்றாண்டு நூலகம், 2023-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் கிராமத்து ஏழாம் வகுப்புப் பிள்ளை கோட்டூர்புரத்துக்கா பஸ் ஏறும்?

பள்ளிக்கு ஒரு நூலகர் முடியாதென்றால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நாலைந்துக்கு ஒருவரையாவது போடலாம். நூலக அறிவியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்களை எனக்கே தெரியும். அதற்கும் முன்னால், தொலைகிற, கிழிகிற புத்தகங்களில் ஒரு பங்கைக் கேள்வி கேட்காமல் கழித்துவிட அனுமதி கொடுங்கள். அந்தப் பயம் போனாலே பாதி பீரோக்கள் திறக்கும் என்பது என் கணிப்பு.

எட்டாம் வகுப்பில் ஒரு மழைநாள். சார் பீரோவைத் திறந்து ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தார். மணி அடித்ததும் திரும்ப வாங்கி, எண்ணி, பூட்டிவிட்டார். என் கதை பாதியில் நின்றது. அட்டை கிழிந்த புத்தகம், பெயர்கூடத் தெரியாது. மீதிக்கதையை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.