மூன்று நாள் விருந்தும் அடுப்படியின் உரிமையும்



சனி, ஞாயிறோடு ஓர் அரசு விடுமுறையும் சேர்ந்துகொண்டால் மூன்று நாள் ஓய்வு கிடைத்துவிடுகிறது. 2026ஆம் ஆண்டில் குடியரசு தினம் திங்கட்கிழமையிலும், காந்தி ஜெயந்தி வெள்ளிக்கிழமையிலும் அமைந்திருப்பது இதற்கு உதாரணம். வெளியூரில் பணிபுரியும் நண்பர்கள் குடும்பத்தோடு நம் ஊருக்கு வருவதற்கு இத்தகைய நாட்களையே தேர்ந்தெடுக்கிறார்கள். இரவு சென்னையில் பொதிகை விரைவு ரயிலில் ஏறினால் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இராஜபாளையத்திலோ இறங்கிவிடலாம். செண்பகத்தோப்பு, அய்யனார் அருவி, இன்னும் சற்றுத் தள்ளிக் குற்றாலம் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கும் இடங்கள் உண்டு.

நண்பர்கள் இவ்வாறு வருவது அல்லாஹ்வின் அருட்கொடை. ஒரே சஹனில் உண்டு, ஒரே ஸஃப்பில் நின்று தொழுது, இரவில் மொட்டை மாடியில் அமர்ந்து பழைய நாட்களைப் பேசும் நட்பைப் பணம் கொடுத்து வாங்க இயலாது. ஆயினும் அந்த மூன்று நாட்களின் சுமை வீட்டில் யாருடைய தோளில் இறங்குகிறது என்பதை நாம் எண்ணிப் பார்க்கிறோமா?

அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்புகிறவர் தம் விருந்தினரைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்ற நபிமொழியை மதரஸாக்களில் சிறு பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்கிறோம். பிள்ளைகளும் அதை மனனமாக ஒப்பிக்கிறார்கள். ஆனால், அபூஷுரைஹ் (ரலி) அவர்கள் வாயிலாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள அறிவிப்பு அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுவதில்லை. சிறப்பான உபசரிப்பு ஒரு பகலும் ஓர் இரவும். விருந்தோம்பல் மூன்று நாட்கள். அதற்கு மேல் செய்வது தர்மம். வீட்டாரைச் சங்கடத்துக்கு உள்ளாக்கும் அளவுக்கு விருந்தினர் தங்கியிருப்பது ஆகுமானதன்று. இவ்வளவும் அதே அறிவிப்பில் நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தவை. முதற்பாதியை மேடைகளில் முழங்குகிறோம். பிற்பாதியைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

முதல் நாளில் சற்றுச் சிரமம் எடுத்துச் சிறப்பாக உபசரிக்க வேண்டும், அடுத்த இரு நாட்களில் வீட்டில் வழக்கமாக உள்ளதைக் கொடுத்தால் போதும் என்று இமாம் கத்தாபி (ரஹ்) போன்ற அறிஞர்கள் இதனை விளக்கியுள்ளார்கள். மார்க்கம் இதில் எவ்வளவு நுட்பமாக அளவு வைத்திருக்கிறது! நம் வீடுகளிலோ மூன்று நாட்களும் முதல் நாளாகவே நடக்கின்றன. காலையில் இடியாப்பமும் பாயாவும், மதியம் பிரியாணியும் தால்சாவும், இரவில் பரோட்டாவும் கோழிக் குழம்பும். மறுநாள் அதைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். இல்லையென்றால் குறையாக நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம். ஆண்கள் விருந்தினரை அழைத்துக்கொண்டு அருவிக்குச் செல்கிறார்கள். அவர்கள் திரும்பும் நேரத்தில் சோறு தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக வீட்டுப் பெண்கள் அடுப்படியிலேயே நின்றுவிடுகிறார்கள். ஃபஜ்ருக்கு முன் எழுந்த தாய், இஷாவுக்குப் பின்னும் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறார். தோழரின் மனைவியோடு அமர்ந்து நான்கு வார்த்தை பேசக்கூட அவருக்கு நேரம் கிடைப்பதில்லை. பிறகு, அவர் யாருடைய விருந்தில் கலந்துகொண்டார்?

நண்பர் ஒருவர் நண்பரின் இல்லத்தில் தங்கிய நிகழ்ச்சி ஒன்றை இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். நபி (ஸல்) அவர்களால் சகோதரர்களாக இணைத்து வைக்கப்பட்டவர்கள் ஸல்மான் அல்ஃபாரிஸீ (ரலி) அவர்களும் அபுத்தர்தா (ரலி) அவர்களும். ஸல்மான் (ரலி) தம் தோழரைச் சந்திக்கச் சென்றபோது முதலில் அவருடைய கண்ணில் பட்டது உணவன்று. வீட்டின் தலைவி உம்முத்தர்தா (ரலி) அவர்கள் தம் தோற்றத்தில் கவனமின்றி இருந்ததைத்தான் அவர் கவனித்தார், காரணத்தையும் கேட்டறிந்தார். கணவர் உலகத் தேவைகளை விட்டு விலகி வணக்கத்திலேயே மூழ்கியிருந்தார். அபுத்தர்தா (ரலி) உணவு கொண்டுவந்து வைத்துத் தாம் நோன்பு என்று சொன்னபோது, நீங்கள் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று ஸல்மான் (ரலி) மறுத்துவிட்டார். இரவில் தோழரை உறங்கவைத்தார். இரவின் கடைசிப் பகுதியில் எழுப்பி இருவரும் தொழுதார்கள். உம் இறைவனுக்கு உம்மீது உரிமை உண்டு, உம் உடலுக்கும் உரிமை உண்டு, உம் குடும்பத்தாருக்கும் உரிமை உண்டு என்று அறிவுரை கூறினார். நபி (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னது உண்மை என்று உறுதிப்படுத்தினார்கள்.

விருந்தினர் என்பவர் இப்படித்தான் இருக்க வேண்டும். தங்கிய வீட்டில் உரிமை மறுக்கப்படுபவர் யார் என்று பார்த்து, அவருக்காகப் பேசக்கூடிய உரிமை நெருங்கிய நண்பருக்கு உண்டு. பரிமாறப்பட்டதை மட்டும் பார்த்துவிட்டுச் செல்பவர் விருந்தினர். பரிமாறியவரையும் பார்ப்பவர் நண்பர்.

இதே ஸல்மான் (ரலி) அவர்கள் தம் வீட்டுக்கு விருந்தினர் வந்தபோது எப்படி நடந்துகொண்டார்கள் என்பதும் ஹாகிமில் இடம்பெற்றுள்ளது. ரொட்டியையும் உப்பையும் எடுத்து வைத்தார்கள். சக்திக்கு மீறிச் சிரமப்படுவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திராவிட்டால் உங்களுக்காகச் சிரமம் எடுத்திருப்பேன் என்றும் சொன்னார்கள். விருந்தினரில் ஒருவர், உப்போடு சிறிது வாசனைத் தழையும் இருந்தால் நன்றாக இருக்குமே என்றார். ஸல்மான் (ரலி) தம் உளூச் செய்யும் பாத்திரத்தை அடகு வைத்து அதை வாங்கிக் கொடுத்தார்கள். உண்டு முடித்தவர், கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு தந்த அல்லாஹ்வுக்கே புகழ் என்றார். உமக்கு மனநிறைவு இருந்திருந்தால் என் பாத்திரம் அடகுக்குப் போயிருக்காதே என்று ஸல்மான் (ரலி) பதில் சொன்னார்கள். மாதக் கடைசியில் வரும் விருந்துக்காகக் கைமாற்று வாங்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கும், அவர்களைத் தேடிச் செல்வோருக்கும் இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

நம் வீட்டுப் பெண்கள் இதை மனமுவந்துதானே செய்கிறார்கள், நன்மையும் அவர்களுக்குத்தானே என்று சிலர் கேட்கலாம். நன்மை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் நன்மை கிடைக்கும் என்பதற்காக ஒருவர் தலையில் மற்றவர் சுமையை ஏற்றிவைக்க முடியாது. அந்த நன்மை ஆண்களுக்கும் தேவைதானே? கலீஃபா உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களிடம் இரவில் ஒரு விருந்தினர் இருந்தபோது விளக்கில் எண்ணெய் குறைந்தது. விருந்தினர் எழ முயன்றார். அவரை வேலை வாங்குவது பண்பாகாது என்று தடுத்தார்கள். பணியாளரை எழுப்பட்டுமா என்று விருந்தினர் கேட்க, அவர் இப்போதுதான் உறங்கினார் என்று சொல்லிவிட்டுத் தாமே எழுந்து எண்ணெய் ஊற்றிவிட்டு வந்தார்கள். எழுந்தபோதும் தாம் உமர்தான், திரும்பி வந்தபோதும் அதே உமர்தான் என்பதே அவர்களின் பதிலாக இருந்தது. நபி (ஸல்) அவர்கள் இல்லத்தில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருப்பதும் புகாரியில் உள்ளது. அவ்வாறிருக்க, சஹனை எடுத்துக் கழுவி வைப்பதில் நமக்கு என்ன கௌரவக் குறைவு வந்துவிடும்?

ஆகவே, விருந்து கொடுப்போருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். கைபேசியில் நண்பரிடம் "தாராளமா வாங்க" என்று சொல்லும் முன், வீட்டில் சமைக்கப்போகும் தாயிடமும் மனைவியிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்களுக்கு உடல்நலக் குறைவு இருக்கலாம். பிள்ளைக்குத் தேர்வு இருக்கலாம். முதல் நாள் மதியம் பிரியாணி ஆக்கினால், மறுநாள் சோறும் பருப்பும் மீன் ஆணமும் போதும். இனிப்புக்கென்று தனியாக அடுப்பு பற்றவைக்க வேண்டியதில்லை; 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பால்கோவா கடைத்தெருவில் கிடைக்கிறது. ஒரு வேளைச் சிற்றுண்டியைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். அருவிக்குச் செல்லும் வண்டியில் வீட்டுப் பெண்களுக்கும் இடம் இருக்கட்டும். ஃபஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வு, இஷாவுக்குப் பின் ஆகிய மூன்று வேளைகளிலும் சிறு பிள்ளைகள்கூட அனுமதி கேட்டே அறைக்குள் வர வேண்டும் என்று அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. இரண்டு குடும்பங்கள் ஒரு சிறு வீட்டில் தங்கும்போது இந்த ஒழுங்கு மிகவும் அவசியம். பெண்களுக்கு உள்ளறையை ஒதுக்கிவிட்டு ஆண்கள் கூடத்திலோ மாடியிலோ படுத்துக்கொள்வதால் எவருக்கும் குறைவில்லை.

விருந்தாகச் செல்வோருக்கும் கடமை உண்டு. வரும் நாளைச் சொல்வதுபோலத் திரும்பும் நாளையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொடுத்ததைக் குறை சொல்லாமல் உண்ணுங்கள். நபி (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை கூறியதில்லை. உங்கள் பிள்ளைகள் விரித்த பாயை அவர்களே சுருட்டி வைக்கட்டும். புறப்படும்போது வீட்டுத் தலைவரிடம் மட்டுமன்றி, சமைத்தவர்களுக்கும் உங்கள் வீட்டுப் பெண்கள் வழியாக நன்றி சொல்லி, துஆச் செய்துவிட்டு வாருங்கள்.

இவையெல்லாம் சிறு விஷயங்களாகத் தோன்றலாம். ஆனால் ஆடம்பர விருந்தின் விளைவை நாம் கண்ணால் காண்கிறோம். அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நண்பர்கள் நம் ஊர் வழியாகவே சென்று குற்றாலத்தில் லாட்ஜில் தங்குகிறார்கள். அழைத்தால் செலவாகுமே என்று நாமும் அழைக்காமல் இருந்துவிடுகிறோம். தந்தையின் உற்ற தோழர் யார் என்று தெரியாமலே பிள்ளைகள் வளர்கிறார்கள். பிரியாணி குறைந்ததால் முறிந்த நட்பைவிட, பிரியாணிக்கு அஞ்சி விலகிப்போன நட்பே அதிகம்.

அடுத்த தொடர் விடுமுறைக்கு நண்பரை அழையுங்கள். இருப்பதைக் கொண்டு அழையுங்கள். அவர் புறப்பட்டுச் செல்லும்போது, எப்போது மீண்டும் வருவார் என்று அடுப்படியில் இருப்பவரும் ஆவலோடு கேட்கும் விதத்தில் அந்த மூன்று நாட்களும் அமையட்டும். அல்லாஹ் நம் இல்லங்களிலும் உணவிலும் நட்பிலும் பரக்கத் செய்வானாக! ஆமீன்.