மாலை ஒன்று, வாசல் இரண்டு

ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே பஸ்ஸில் அரை மணி நேரப் பிரயாணம். பஞ்சாலை வேலைக்காக அங்கே போகிறவர்களும், பால்கோவாவுக்காக இங்கே வருகிறவர்களும் அதை ஒரு தூரமாகவே எண்ணுவதில்லை. ஆனால் அந்த ஊர்ப் பையனும் இந்த ஊர்ப் பெண்ணும் மணம் செய்துகொள்ள விரும்பி, ஒருவர் திருநீறு பூசும் வீட்டிலும் மற்றவர் தொழுகை நடக்கும் வீட்டிலோ ஜபமாலை உருட்டும் வீட்டிலோ பிறந்திருந்தால், அந்த அரை மணித் தூரம் கடக்க முடியாத காதமாகிவிடுகிறது. அப்போது இரு வீட்டிலும் முதலில் எழுகிற கேள்வி, "பையன் எப்படிப்பட்டவன்? பெண் எப்படிப்பட்டவள்?" என்பதல்ல, "யார் மதம் மாறுவது?" என்பதுதான்.

அந்தக் கேள்வி அநாவசியமானது என்பது நமது கட்சி. அதற்கு இந்த இரண்டு ஊர்களிலிருந்தே சாட்சி சொல்லலாம்.

முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர். மனிதர் எவருக்கும் மனைவியாவதில்லை என்று உறுதி பூண்டு, அரங்கனையே வரித்த பெண்ணின் ஊர் அது. மகளின் மனத்தை அறிந்த பெரியாழ்வார் அவளைத் திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்றார் என்பது நாம் குழந்தைப் பருவத்திலிருந்து கேட்ட கதை. அந்த ஆண்டாள் சூடிக் களைந்த மாலை இன்றும் ஆண்டுதோறும் சித்திரை மாதத்தில் மதுரைக்குப் போகிறது. அதை அணிந்துகொண்டுதான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். பிறகு வண்டியூருக்கு எழுந்தருளுகிறார். அங்கே அன்றிரவு துலுக்க நாச்சியார் வீட்டில் தங்குகிறார் என்று மதுரைச் சீமை ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். ஆண்டாளின் மாலையோடு துலுக்க நாச்சியார் வீட்டு வாசலுக்கு! இதைப் பற்றி யாரும் பஞ்சாயத்துக் கூட்டியதாகத் தெரியவில்லை.

அந்த நாச்சியாருக்கு ஆண்டாள் போய்ச் சேர்ந்த ஸ்ரீரங்கத்திலேயே ஒரு சந்நிதி உண்டு. டில்லி சுல்தானின் மகளாயிருந்து, அரண்மனைக்கு வந்து சேர்ந்த பெருமாளின் திருமேனியிடம் காதல் கொண்டு, அது திரும்பிச் சென்றபோது பின்தொடர்ந்து வந்தவள் என்பது அவள் கதை. அவளுக்கு விக்கிரகம் இல்லை, சித்திர வடிவந்தான். அவளுக்கென்று நிவேதனத்தில் கோதுமை ரொட்டி இருக்கிறது. அவள் பொருட்டுப் பெருமாள் கைலி உடுத்துகிற வழக்கமும் இருக்கிறது. நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவளை யாரும் வேறு பெயர் இட்டு அழைக்கவில்லை. அவள் ஆகாரத்தை மாற்றவில்லை. இன்றைக்கும் அவள் 'துலுக்க' நாச்சியார்தான்.

"கதை வேறு, குடித்தனம் வேறு. பெருமாளுக்குச் சரி, என் பெண்ணுக்கு எப்படிச் சரியாகும்?" என்று ஒரு தகப்பனார் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகையால் கோயிலை விட்டு வீட்டுக்கு வருவோம், ராஜபாளையத்துக்கும் போவோம்.

1949 முதல் 1952 வரை சென்னை ராஜ்யத்தின் தலைமைப் பதவியிலிருந்த ஸ்ரீ பூ. ச. குமாரசாமி ராஜா ராஜபாளையத்துக்காரர். தாம் குடியிருந்த வீட்டையே ஊருக்குக் கொடுத்தார்; அது காந்தி கலை மன்றமாயிற்று. அந்த மன்றம் யார் பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அவர் வீட்டிலேயே இந்தப் பிரச்னை எழுந்தது. மகாத்மாவின் இரண்டாவது குமாரர் மணிலால் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது கேப்டவுனைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் பெண்ணை மணக்க விரும்பினார். 1926-ல் தகப்பனாரிடமிருந்து கண்டிப்பான கடிதம் வந்தது. இது தர்மமல்ல, பிறக்கும் குழந்தைகள் எந்த மதத்தில் வளரும்? மணத்துக்காக அந்தப் பெண் மதம் மாறுவதும் அதர்மமே என்பது அதன் சாரம். மணிலால் பணிந்தார். மறு ஆண்டு வேறு பெண்ணை மணந்தார்.

பதினாறு ஆண்டுகள் சென்றன. 1942 மார்ச் 26-ல் பண்டித நேருவின் புதல்வி இந்திராவுக்கும் பார்ஸி வகுப்பைச் சேர்ந்த பிரோஸ் காந்திக்கும் அலகாபாத்தில் மணம் நடந்தது. அதற்கு முன்பே கோபக் கடிதங்கள் காந்திஜியிடம் குவிந்தன. அவரோ 'ஹரிஜன்' பத்திரிகையில் அந்த மணத்தை ஆதரித்தே எழுதினார். காலம் செல்லச் செல்ல இத்தகைய மணங்கள் பெருகவே செய்யும் என்றார். ஆனால் மணத்துக்காக ஒருவர் மதம் மாறுவதைத் தாம் எப்போதும் எதிர்ப்பதாகவும் அதே கட்டுரையில் சொன்னார். 1926-ல் கொண்ட கருத்துக்கள் இரண்டில் ஒன்றை அவர் விட்டார்; மற்றொன்றை விடவில்லை. கலப்பு மணம் கூடாது என்பதை விட்டார். மதத்தைச் சட்டை போல் கழற்றக் கூடாது என்பதைக் கடைசிவரை பிடித்துக்கொண்டார்.

விசித்திரம் என்னவென்றால், அன்றைய சட்டம் இதற்கு நேர் விரோதமாக இருந்தது. 1872-ஆம் ஆண்டின் விவாகச் சட்டப்படி ரிஜிஸ்தர் கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமானால், "நான் ஹிந்துவல்ல, முஸ்லிமல்ல, கிறிஸ்தவனல்ல, பார்ஸியல்ல" என்று பிரமாணம் செய்ய வேண்டும். 1923-ல் செய்த திருத்தம் ஹிந்துக்கள், பௌத்தர்கள், சீக்கியர்கள், ஜைனர்கள் தங்களுக்குள் மணப்பதற்கு மட்டும் அந்த நிர்ப்பந்தத்தை நீக்கிற்று. ஹிந்துவும் பார்ஸியும் தத்தம் மதத்தில் இருந்துகொண்டே மணப்பதற்கு 1942-ல் சட்டமே கிடையாது. அந்தக் குறை 1954-ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டத்தினால்தான் தீர்ந்தது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது ஆகியிருந்தால், எந்த மதத்தவரும் எந்த மதத்தவரையும், இருவரும் தம் மதத்திலேயே இருந்துகொண்டு மணக்கலாம். ஆகவே, "யார் மாறுவது?" என்ற கேள்விக்கு நாட்டின் சட்டம், "ஒருவரும் மாற வேண்டாம்" என்று பதில் சொல்லி எழுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் வீடுகளுக்குத்தான் அந்தச் சேதி இன்னும் எட்டவில்லை.

எட்டாததினால் விளையும் சங்கடங்கள் பல. கோயிலில் தாலி கட்டிவிட்டால் போதும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். போதாது. ஹிந்துவும் கிறிஸ்தவரும் அப்படிச் செய்துகொண்ட ஒரு கல்யாணம், ஹிந்து விவாகச் சட்டப்படி செல்லாது என்று 2008-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சுயமரியாதைத் திருமணத்தைச் செல்லத்தக்கதாக்கிய 1967-ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தமும் ஹிந்துக்கள் இருவருக்கிடையே நடக்கும் மணத்துக்கே உரியது. பின்னால் குழந்தையும் சொத்தும் ஜீவனாம்சமும் பற்றிப் பேச்சு வரும்போது, "நீங்கள் தம்பதிகளே அல்ல" என்று ஒருவர் சொல்லக் கேட்பதைவிடக் கொடுமை உண்டா?

1954-ஆம் ஆண்டின் சட்டத்திலும் ஒரு முள் இருக்கிறது. மணமக்களில் ஒருவராவது முப்பது நாள் வசித்த ஜில்லாவின் விவாக அதிகாரியிடம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது ஆபீஸ் பலகையில் ஒட்டப்படும். முப்பது நாளைக்குள் யாரும் ஆட்சேபணை சொல்லலாம். முன்பே மணமானவர், வயது நிரம்பாதவர், சித்த சுவாதீனமில்லாதவர், விலக்கப்பட்ட உறவினர் என்பன போன்ற காரணங்களே செல்லும். "எங்கள் மதமில்லை", "எங்களுக்குப் பிடிக்கவில்லை" என்பவை ஆட்சேபணையே அல்ல. ஆனாலும் பலகையில் பெயரைப் பார்த்தவர் வீட்டுக்கு ஓடிச் சொல்வதற்கு முப்பது நிமிஷமே அதிகம்.

இதற்குப் பயந்து இளைஞர்கள் என்ன செய்கிறார்கள்? நோட்டீஸ் வேண்டாத வழியைத் தேடுகிறார்கள். அதாவது, ஒருவர் மதம் மாறிவிடுகிறார். 2021-ல் அலகாபாத் ஹைகோர்ட்டில் ஒரு தம்பதி இதையே சொன்னார்கள். அந்த முப்பது நாள் விளம்பரம் இல்லாவிட்டால் மதம் மாறியே இருக்க மாட்டோம் என்றார்கள். மணமக்கள் விரும்பினால் ஒழிய விளம்பரம் செய்ய வேண்டாம் என்று அந்தக் கோர்ட் கூறிற்று. அந்தத் தீர்ப்பு உத்தரப் பிரதேசத்துக்கு உரியது. ஆனால் அதிலுள்ள பாடம் எல்லாப் பெற்றோருக்கும் உரியது. மகள் மதம் மாறிவிடக் கூடாதே என்று அஞ்சித் தடியெடுக்கிற தகப்பனார், அந்தத் தடியினாலேயே அவளை மதமாற்றத்தின் வாசலுக்கு விரட்டுகிறார்.

வேறு என்ன செய்வது? காந்திஜி 1926-ல் கேட்ட கேள்வியைக் கேட்பது. குழந்தைகள் எப்படி வளரும்? அதை மறுப்பாகச் சொல்லாமல், மெய்யாகவே கேள்வியாகக் கேட்பது. குழந்தைக்கு என்ன பெயர்? தீபாவளிக்கு எந்த வீடு, ரம்ஜானுக்கு எந்த வீடு, கிறிஸ்துமஸுக்கு எந்த வீடு? சமையலறையில் எது ஆகும், எது ஆகாது? நாளைக்கு ஒருவர் கண்ணை மூடினால் தகனமா, அடக்கமா? கொள்ளி போடுவது யார்? சொத்து விஷயத்தையும் கேட்க வேண்டும். ஹிந்துக் கூட்டுக் குடும்பத்தவர் இந்தச் சட்டப்படி வேற்று மதத்தவரை மணந்தால், அக்குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார். அவருடைய வாரிசுரிமை அற்றுப்போகாது. ஆனால் அத்தம்பதிகளின் சொத்து இந்திய வாரிசுச் சட்டப்படியே பின்னால் பகிரப்படும். இவையெல்லாம் காதலின் முதல் வருஷத்தில் தோன்றாத கேள்விகள். பத்தாவது வருஷத்தில் வீட்டைப் பிளக்கும் கேள்விகள். இவற்றைக் கேட்க வயதும் அநுபவமும் வேண்டும். அவை இருப்பது பெற்றோரிடந்தான். இளைஞர்களும் இவற்றுக்குப் பதில் சொல்லத் தயாராயிருக்க வேண்டும். "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்பது பதிலாகாது.

"ஊர் என்ன சொல்லும்? இளைய பெண்ணுக்கு வரன் வருமா?" என்ற தாயாரின் கவலையை அலட்சியம் செய்ய நமக்கு மனமில்லை. உறவினர் சில காலம் வாசற்படி மிதிக்காமல் இருக்கலாம். ஆனால் வயது வந்தவர் தம் துணையைத் தேர்ந்துகொள்வதில் சர்க்காரோ தகப்பனாரோ தலையிட முடியாது என்று சுப்ரீம் கோர்ட் 2018-ல் தெளிவாகக் கூறிவிட்டது. கல்யாணம் எப்படியும் நடக்கும். அது பெற்றோர் அறிய நடக்கிறதா, அறியாமல் நடக்கிறதா என்பது ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கிறது. இளைய பெண்ணுக்கும் நாலு பேர் அறிய நடந்த கல்யாணத்தைவிட நள்ளிரவில் ஓடிப்போன கல்யாணந்தான் அதிகத் தொல்லை தரும்.

அந்தச் சட்டத்தின்படி மணம் நடக்கும்போது மணமக்களோடு மூன்று சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். பல கல்யாணங்களில் அந்த மூவரும் சிநேகிதர்கள். ஒருவர் முகத்திலும் நிம்மதி இராது. பெண்ணின் தகப்பனார் ஒரு கையெழுத்தும் பையனின் தாயார் ஒரு கையெழுத்தும் போட்டுவிட்டு, மூன்றாவது கையெழுத்தைச் சிநேகிதருக்கு விட்டுக் கொடுக்கட்டும். ஒரு மதமும் ஒரு குழந்தையும் வீட்டைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு அதைவிடச் சுலபமான வழி நமக்குத் தெரியவில்லை.