படத்திற்கு முன் ஒரு ஸலாம்

கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியின் கருங்கல் தூண்களை நாம் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, பெரியவர் ஒருவர் தாமாகவே அருகில் வந்தார். "இந்தப் பூவேலைப்பாட்டை விட்டுட்டீங்களே தம்பி" என்று சுட்டிக் காட்டினார். கையில் கேமரா இல்லையெனில் ஸலாமோடு கடந்திருப்போம். பேச்சு தேநீர் வரை நீண்டது. விடைபெறுகையில் தம்மையும் ஒரு படம் எடுக்கச் சொன்னார்.

அன்று மாலையே கடற்கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரைத் தொலைவிலிருந்தே குறிவைத்தோம். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குற்றம் நம்முடையது. பிறர் இல்லங்களில் நுழையுமுன் அனுமதி பெற்று ஸலாம் உரைக்குமாறு அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் பணிக்கிறது. வீட்டிற்கு வாசல் உண்டு, முகத்திற்கு இல்லை என்று எண்ணிவிட்டோமா? உருவப்படம் கூடுமா, கூடாதா என்னும் விவாதத்திற்குள் நாம் இங்கே செல்லவில்லை. கூடும் என்போருக்கும் இவ்வொழுக்கம் கடமையே. பெண்கள், குழந்தைகள் விஷயத்தில் சொல்லவே வேண்டியதில்லை.

எடுத்த படத்தை அனுப்புவதாகக் கூறும் வாக்கும் ஓர் அமானிதம். பயணத்தில் அதை எத்தனை பேரிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம்! அந்தப் பெரியவரிடம் வாட்ஸ்அப் இல்லை. "பள்ளிக்கே தபாலில் அனுப்புங்க, கிடைச்சுடும்" என்றார். எட்டு மாதங்கள் கழித்து நேற்றுத்தான் அச்சிட்டோம். தூணின் உயரத்தையும் கல்லின் வகையையும் விசாரித்த நாம், உறையின்மீது எழுத அவருடைய பெயரைக் கேட்டிருக்கவில்லை.