சுருட்டைத் தனியாகக் கேளுங்கள்

பிரிட்டனில் 1965-லேயே தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரத்துக்குத் தடை வந்துவிட்டது. சுருட்டுக்கு அந்தத் தடை வர 1991 ஆயிற்று. இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஹாம்லெட் என்ற சுருட்டுக்காக எடுத்த விளம்பரங்களை நம் வாய்நல மருத்துவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும். ஒன்றில், புகைப்படக் கூண்டுக்குள் உட்கார்ந்த ஒருவர் வழுக்கை மேல் நாலு முடியை இழுத்துவிட்டுச் சரிசெய்கிறார். அவர் தயாராக இருக்கும்போது ஃபிளாஷ் அடிக்காது, திரும்பினால் அடிக்கும். கடைசியில் இருக்கை இறங்கி ஆளே மறைந்துபோகிறார். தீக்குச்சி உரசும் சத்தம், பாஹின் மெல்லிசை, மேலே எழும் புகை. புகையிலையைப் பற்றி ஒரு சொல் இல்லை. தோற்றவருக்கு ஆறுதல் என்று சொல்லி விற்றார்கள்.

அமெரிக்காவில் அதையே வெற்றியின் அடையாளமாக்கினார்கள். 1992-ல் மார்வின் ஷான்கன் தொடங்கிய சிகார் அஃபிஷியனாடோ இதழ், ஒயினுக்குப் போடுவதுபோல் சுருட்டுக்கும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டது. ஆர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரையும் டெமி மூரையும் சுருட்டோடு அட்டையில் நிறுத்தியது. இருபது ஆண்டுகளாகச் சரிந்துவந்த சுருட்டு நுகர்வு, 1993-க்கும் 1997-க்கும் இடையே ஏறக்குறைய 50 விழுக்காடு உயர்ந்தது. இதழ் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சிகரெட் மேல் பழி ஏறிக்கொண்டிருந்த காலத்தில் சுருட்டுக்கு மரியாதை தேடிக்கொடுத்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சட்டமும் இடம் கொடுத்தது. அங்கே சிகரெட் பெட்டியில் 1966 முதல் எச்சரிக்கை உண்டு. ஏழு பெரிய சுருட்டு நிறுவனங்கள் நாடு முழுவதும் எச்சரிக்கை அச்சிட ஒப்புக்கொண்டது 2000-ல்தான். 2009-ல் சிகரெட்டில் பழச்சுவை தடைசெய்யப்பட்டபோதும் சுருட்டு தப்பித்தது. திராட்சை, ஸ்ட்ராபெரி மணத்தோடு சின்னச் சுருட்டுகள் மலிவு விலையில் இளைஞர்கள் கைக்குப் போயின.

இத்தனையின் விளைவு நம் நாற்காலியில் வந்து உட்காருகிறது. "புகைப்பழக்கம் உண்டா?" என்றால், "இல்லை டாக்டர்" என்கிறார் நோயாளி. துருவிக் கேட்டால், "எப்போதாவது சுருட்டு, புகையை உள்ளே இழுக்கமாட்டேன்" என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை, நம்பவைக்கப்பட்டிருக்கிறார். சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மை உள்ளது. உள்ளே இழுக்காவிட்டாலும் வாயின் உட்தோல் வழியாகவே நிகோடின் ஏறிவிடும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு பாக்கெட் சிகரெட்டுக்கு ஈடான புகையிலை இருக்கக்கூடும். வாய், குரல்வளை, உணவுக்குழாய்ப் புற்றுக்குச் சுருட்டு காரணமாகிறது என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1998-லேயே தெளிவாக எழுதிவிட்டது.

நம் நாட்டின் 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் சுருட்டும் அடக்கம். ஊடகங்களில் நேரடி விளம்பரத்துக்கு இங்கே வழியில்லை. ஆனால் சுருட்டைக் கையில் பிடித்த பெரிய மனிதர்களின் படங்கள் கைப்பேசியில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆகவே நோயாளிக் குறிப்பில் "புகை" என்ற ஒற்றைக் கட்டம் போதாது. பீடி, சிகரெட், சுருட்டு என்று பெயர் சொல்லித் தனித்தனியே கேளுங்கள். சுருட்டைப் பற்றவைக்காமல் வாயில் வைத்திருக்கும் பழக்கம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். உண்டு என்றால், அது படும் உதட்டையும் கன்னத்தின் உட்புறத்தையும் நல்ல வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.