படம் போடும் பிள்ளையை அதட்டாதீர்கள்!

கையில் ஒரு கரித்துண்டு கிடைத்தால் போதும். சில பிள்ளைகள் சுவரைப் பாழ் பண்ணிவிடுவார்கள். ஆடு, மாடு, காக்கை, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் மீசை எல்லாம் சுவரில் ஏறிவிடும். "பாடத்தைப் படிடா என்றால் படம் போடுகிறாயா? இது சோறு போடுமா?" என்று அப்பா அதட்டுவார். முதுகில் ஒன்று விழும். கரித்துண்டு தெருவுக்குப் போகும்.

அந்த அப்பாவுக்கு இன்று ஒரு கதை சொல்லப் போகிறேன். கட்டுக்கதை அல்ல, நடந்த கதை. படம் சோறு போட்ட கதைதான். ஆனால் அம்மாவும் அப்பாவும் கேட்க வேண்டிய வேறு ஒரு சங்கதியும் அதில் இருக்கிறது.

லண்டன் நகரில் ஒரு பெரிய வீடு. வீட்டுக்காரர் பெயர் ரூபர்ட் பாட்டர். படிப்பு வக்கீல் படிப்பு. ஆனால் கோர்ட்டுக்குப் போய்ச் சம்பாதிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. முன்னோர்கள் பருத்தித் துணி வியாபாரத்தில் சேர்த்துவைத்த சொத்து ஏராளம். அவருக்கு 1866-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி ஒரு பெண் குழந்தை பிறந்தது. பியாட்ரிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அவளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஆசிரியை வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார். வெளிப் பிள்ளைகளோடு பழக்கம் குறைவு. மாடி அறைதான் அவள் உலகம். தம்பி ஒருவன் இருந்தான். பெர்ட்ராம் என்று பெயர். அவளைவிட ஏறக்குறைய ஆறு வயது இளையவன்.

அக்காளும் தம்பியும் சேர்ந்து அந்த மாடி அறையை மிருகக்காட்சி சாலை ஆக்கிவிட்டார்கள். முயல், சுண்டெலி, முள்ளெலி, வௌவால், பல்லி, தவளை, ஆமை என்று ஒன்று மாற்றி ஒன்று வந்து சேர்ந்தது. பாம்பு கூட இருந்தது! (பாம்பு வளர்க்க விடுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவில்லை.)

அந்தப் பெற்றோர் இதையெல்லாம் தடுக்கவில்லை. வர்ணமும் தூரிகையும் வாங்கிக் கொடுத்தார்கள். படம் சொல்லிக் கொடுக்கத் தனியாக ஓர் ஆசிரியையை வைத்தார்கள். அப்பா தம் பெண்ணைச் சித்திரக் கண்காட்சிகளுக்கு அழைத்துப் போனார். இதற்காக அந்த வீட்டை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பின்னால் அதே வீட்டைக் குறை சொல்லவும் போகிறேன்.

கம்பளிப்பூச்சி நோட்டு

எட்டு, ஒன்பது வயதிலேயே பியாட்ரிக்சிடம் ஒரு நோட்டு இருந்தது. அதில் கம்பளிப்பூச்சிகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தாள். அவற்றைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையும் பக்கத்தில் எழுதிவைத்தாள். வளர்த்த பிராணி செத்துப்போனால் அழுதுவிட்டுப் புதைப்பதோடு நிற்க மாட்டார்கள் அக்காளும் தம்பியும். சிலவற்றை வேகவைத்து எலும்பைத் தனியே எடுப்பார்கள். எந்த எலும்பு எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். கேட்க அருவருப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் முயல் எப்படி உட்காருகிறது, எப்படித் தாவுகிறது என்பது அந்தப் பெண்ணின் விரலுக்குத் தெரிந்தது இப்படித்தான்.

அப்பாவின் நண்பர்களில் மில்லே என்று ஒருவர். இங்கிலாந்து முழுவதும் பேர்பெற்ற ஓவியர். படம் போடத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் உண்டு, உன்னிடம் கவனித்துப் பார்க்கும் குணம் இருக்கிறது என்று அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னாராம்.

அந்தக் குணத்தைத்தான் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. நம் பிள்ளை கிளிப் படம் போடுகிறான். எதைப் பார்த்து? காலண்டரைப் பார்த்து, இல்லாவிட்டால் அப்பாவின் கைப்பேசியைப் பார்த்து. வாசல் வேப்பமரத்தில் நிஜக்கிளி கத்திக்கொண்டிருக்கும். அதை அவன் ஏறிட்டும் பார்ப்பதில்லை. வகுப்பிலும் அதே கதைதான். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு மாம்பழம் போடுகிறார். நாற்பது பிள்ளைகளும் அதே மாம்பழத்தைப் போடுகிறார்கள். ஒரு நிஜ மாம்பழத்தை மேஜைமேல் வைத்தால் என்ன? பாடம் முடிந்ததும் பங்கு போட்டுத் தின்னவும் செய்யலாமே!

பியாட்ரிக்ஸ் ஒரு முயல் வளர்த்தார். பெஞ்சமின் என்று பெயர். அதற்குத் தோல் வார் கட்டி, நாயை அழைத்துப் போவது போல் வெளியே அழைத்துப் போவார். அதை உட்கார வைத்து வரைந்த படங்கள் 1890-ல் வாழ்த்து அட்டைக்கு விற்றன. 6 பவுன் கிடைத்தது. முதல் சம்பாத்தியம்! அந்தச் சந்தோஷத்தில், பறவைகளுக்குப் போடும் ஒரு வகை விதையை ஒரு கிண்ணம் நிறைய முயலுக்குக் கொடுத்தார். மறுநாள் படத்துக்கு உட்காரச் சொன்னால், முயலுக்குப் போதை! அடக்கவே முடியவில்லையாம்.

பிறகு காளான்மேல் ஆசை வந்தது. நூற்றுக்கணக்கில் வரைந்தார். மைக்ராஸ்கோப் வைத்து ஆராய்ந்து ஒரு கட்டுரையும் எழுதினார். 1897-ல் லண்டனில் விஞ்ஞானிகள் சபை ஒன்றில் அது வைக்கப்பட்டது. பெண் என்பதால் அவர் அங்கே போக முடியாது. வேறொருவர்தான் அவர் சார்பில் சமர்ப்பித்தார். கட்டுரை அச்சேறவில்லை. அவர் வரைந்த காளான் படங்கள் வீணாகவில்லை. 1967-ல் வந்த ஒரு காளான் புத்தகத்தில் அவர் படங்கள் 59 சேர்க்கப்பட்டன.

நோயாளிச் சிறுவனுக்கு ஒரு கடிதம்

1893 செப்டம்பர் 4-ந் தேதி. பியாட்ரிக்சுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியைக்குக் கல்யாணம் ஆகி, குழந்தைகள் இருந்தன. மூத்தவன் நோயல், ஐந்து வயது. காய்ச்சலோ என்னவோ, படுக்கையில் கிடந்தான். அவனுக்கு பியாட்ரிக்ஸ் ஒரு கடிதம் எழுதினார். எழுதச் செய்தி இல்லை. அதனால் கதை எழுதினார். தோட்டக்காரரிடம் அகப்பட இருந்து தப்பி ஓடிவந்த பீட்டர் என்ற முயல்குட்டியின் கதை. பக்கத்துக்குப் பக்கம் பேனாவால் படம்.

பீட்டர் என்பது அவர் வளர்த்த இன்னொரு முயலின் பெயர். கதையில் அதற்குச் சட்டை போட்டுவிட்டார். ஆனால் சட்டைக்குள் இருப்பது பொம்மை முயல் அல்ல. நிஜ முயல். காதும் காலும் வாலும் முயலுக்கு உள்ளபடியே இருக்கும். பார்க்கிற குழந்தைக்கு அது தெரியும். குழந்தையை ஏமாற்ற முடியாது.

ஏழு வருஷம் போயிற்று. இதைப் புத்தகமாகப் போட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. கடிதம் இருக்கிறதா என்று நோயலைக் கேட்டார். பையன் பத்திரமாக வைத்திருந்தான்! கடன் வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார்.

பதிப்பாளர்கள் பலர் வேண்டாம் என்றார்கள். சிறிய புத்தகம், குழந்தையின் கைக்கு அடங்கும் புத்தகம், ஒரு ஷில்லிங் விலை என்று அவர் பிடிவாதமாக இருந்தார். ஆறு ஷில்லிங்குக்கு ஒரு பெரிய புத்தகம் போட்டால் எந்தக் குழந்தையால் வாங்க முடியும்? கடைசியில் 1901 டிசம்பரில் சொந்தப் பணத்தில் 250 பிரதிகள் அச்சடித்தார். பிறகு வார்ன் என்ற கம்பெனி முன்வந்தது. 1902 அக்டோபரில் வர்ணப் படங்களோடு 8,000 பிரதிகள் வெளிவந்தன. உடனே விற்றுத் தீர்ந்தன. அப்போது அவருக்கு வயது 36. (அமெரிக்காவில் உரிமையைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள். கள்ளப் பதிப்புப் போட்டவர்கள் லாபம் அடைந்தார்கள்.)

இனி அந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

வியாபாரி மாப்பிள்ளை!

வார்ன் குடும்பத்தில் நார்மன் என்பவர்தான் புத்தக வேலைகளைக் கவனித்தார். இருவருக்கும் அன்பு வளர்ந்தது. 1905-ல் நார்மன் கல்யாணத்துக்குக் கேட்டார். பெண்ணின் பெற்றோர் ஒப்பவில்லை. புத்தக வியாபாரியாம்! அந்தஸ்து குறைவாம்! துணி வியாபாரத்தில் வந்த பணத்தில் வாழ்ந்த வீடு இப்படிச் சொன்னது.

பியாட்ரிக்சுக்கு அப்போது 39 வயது. நாடு அறிந்த ஆசிரியை. கைநிறையச் சம்பாத்தியம். அப்படியும் பெற்றோரைக் கேட்டுத்தான் நடக்க வேண்டியிருந்தது. மோதிரத்தைப் போட்டுக்கொண்டார், விஷயத்தை வெளியே சொல்ல வேண்டாம் என்று வீட்டில் கட்டுப்பாடு. ஒரே மாதம். ஆகஸ்ட் 25-ந் தேதி ரத்தப் புற்றுநோயால் நார்மன் இறந்துபோனார்.

அதே ஆண்டு பியாட்ரிக்ஸ் ஏரிகள் நிறைந்த வட இங்கிலாந்தில் ஒரு பண்ணை வாங்கினார். படம் வரைந்து சம்பாதித்த பணம்தான் அதற்கு உதவியது. 1913-ல், 47 வயதில், அந்த ஊர் வக்கீல் ஒருவரை மணந்தார். அதற்கும் வீட்டில் எதிர்ப்பு. அப்போதுதான் தம்பி பெர்ட்ராம் வாயைத் திறந்தார். தமக்குக் கல்யாணம் ஆகிப் பதினொரு வருஷம் ஆகிறது என்றார்! அதுவரை பெற்றோருக்குத் தெரியாது.

பிராணிகளுக்கு இடம் கொடுத்த வீடு, பிள்ளைகளின் மனதுக்கு இடம் கொடுக்கவில்லை. எனக்கு இதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. வர்ணப் பெட்டி வாங்கிக் கொடுப்பது சுலபம். கடையில் கிடைக்கிறது. அந்தப் பெண் என்ன நினைக்கிறாள் என்று உட்கார்ந்து கேட்பதற்குக் காசு வேண்டாம். அதைத்தான் அந்த அம்மாவும் அப்பாவும் செய்யவில்லை.

பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943-ம் ஆண்டு டிசம்பர் 22-ந் தேதி இறந்தார். நாலாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேசப் பொது அறநிலையத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார்.

அவர் இறந்த பிறகு பழைய காகிதக் கட்டு ஒன்று அகப்பட்டது. எறும்பு ஊர்ந்தது போல் பொடி எழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை. லெஸ்லி லிண்டர் என்பவர் ஆண்டுக்கணக்கில் மல்லாடினார். 1958-ல் ஒரு பக்கத்தில் 1793 என்ற ஆண்டும் 16 என்ற ரோமன் எண்ணும் அவர் கண்ணில் பட்டன. பிரான்ஸ் மன்னர் 16-ம் லூயி கொல்லப்பட்ட ஆண்டு அது! அந்தத் துப்பை வைத்து எழுத்து எழுத்தாகக் கண்டுபிடித்துவிட்டார். அது பியாட்ரிக்ஸ் ஏறக்குறைய 15 வயது முதல் 30 வயது வரை எழுதிய நாட்குறிப்பு. தானே உண்டாக்கிய ரகசிய எழுத்து.

அப்படி என்ன ரகசியம்? கண்காட்சியில் பார்த்த படங்களில் எது நல்ல படம், எது மட்டம் என்று எழுதியிருந்தார். பாட்டி சொன்ன பழங்கதைகள் இருந்தன. வளர்த்த பிராணிகளின் சேட்டைகள் இருந்தன. சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அப்பாவிடம் சத்தமாகச் சொல்லியிருக்கக்கூடிய விஷயங்கள்தான் பெரும்பாலும்.