வேகம் கருவியில் மட்டும் இல்லை

2011 மே மாதம் திருவனந்தபுரத்தின் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் சாகா-220 மீக்கணினி இயங்கத் தொடங்கியது. 220 டெராஃபிளாப் திறனுடன், அன்று நாட்டிலேயே அதிவேகமானது என அறிவிக்கப்பட்டது. அந்தச் சாதனை பெருமைக்குரியதே. ஆயினும் கணக்கீட்டு வேகம் என்றாலே கருவியின் வேகம் எனக் கொள்ளும் மனப்போக்கு ஆய்வுலகில் வேரூன்றிவருகிறது. அதற்குத் துகள் கடத்தல் சமன்பாடே தக்க மறுப்பு.

நியூட்ரான் பரவலைக் கணிக்கும் எளிய மறுசெய்கை முறையில் ஒவ்வொரு சுற்றும் ஒரு சிதறலைக் கணக்கில் சேர்க்கிறது. பரந்த ஊடகத்தில் சிதறல் விகிதம் 0.99 எனில், பிழையும் சுற்றுக்கு 0.99 மடங்காகவே குறையும். அதைப் பத்து லட்சத்தில் ஒரு பங்காக்க ஏறத்தாழ 1375 சுற்றுகள் வேண்டும். அடுத்தடுத்த இரு விடைகளின் வேறுபாடு சிறுத்தவுடன் நிரலை நிறுத்துவது வழக்கம். ஆனால் உண்மைப் பிழை அவ்வேறுபாட்டைப் போல் 99 மடங்கு வரை இருக்கக்கூடும். வேகமான கணினி அந்தத் தவறான விடையை விரைவில் தரும், அவ்வளவே.

எஞ்சும் பிழை எத்தகையது என்று ஆராய்ந்தவர்களே வழி கண்டனர். அது மெல்ல மாறுவது. விரவல் சமன்பாட்டுக்கு ஏறத்தாழக் கட்டுப்படுவது. அச்சமன்பாட்டைத் தீர்த்துத் திருத்தினால் பிழை சுற்றுக்குச் சுமார் 0.22 மடங்காகிறது, பத்துச் சுற்றுகள் போதும். 1963இல் கோப் முன்வைத்த இக்கருத்து, இரு சமன்பாடுகளையும் ஒத்திசைவாகப் பகுக்கும் வழியை 1977இல் ஆல்கஃப் காட்டிய பின்னரே உறுதிபெற்றது.

கேரள மண்ணுக்கு இச்சிந்தனை புதிதன்று. மாதவரின் தொடரில் 50 உறுப்புகளைக் கூட்டினாலும் பையின் மதிப்பு 3.1216 அளவிலேயே நிற்கும். விடுபட்ட பகுதிக்கு ஈடாக 1/50 சேர்த்தால் 3.14159 கிடைத்துவிடும். இத்தகைய ஈற்றுத் திருத்தங்களை ஜ்யேஷ்டதேவரின் யுக்திபாஷா காரணத்தோடு விளக்குகிறது.

மீக்கணினிகள் தேவையில்லை என்பதல்ல வாதம். திருத்திய முறையும் பெரிய கணக்குகளுக்கு அவற்றையே நாடும். ஆனால் ஓர் ஆய்வேடு எத்தனை செயலிகள் பயன்பட்டன என்று கூறுவதோடு அமையாமல், பிழை சுற்றுக்கு எத்தனை மடங்காகக் குறைந்தது, நிறுத்தியபோது உண்மைப் பிழை எவ்வளவு என்பவற்றையும் கூறவேண்டும். நெறியாளர்கள் கேட்கவேண்டிய முதற்கேள்வி அதுவே.